உப்புத்தாள் அறையில் பதினொரு ‘இல்லை’

என் சித்தியை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘உப்புத்தாள் அக்கா’. மேசை நாற்காலி செய்யும் தொழிற்கூடத்தில் இருபத்தாறு வருடமாக உப்புத்தாள் போட்டு மரத்தை இழைக்கும் வேலை பார்த்ததால் வந்த பெயர் என்று சித்தி சொல்வார். சித்தப்பாவைக் கேட்டால், பெயர் வைத்தவர்கள் அவருடைய வேலையைப் பார்த்து வைக்கவில்லை, வாயைப் பார்த்து வைத்தார்கள் என்பார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவர். ஒரு மேசைப் பலகையை எண்பதாம் நம்பர் தாளில் தொடங்கி முந்நூற்றிருபதில் முடிப்பார். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். எங்காவது கை நின்றால் அங்கே கீறல் இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கு அது தெரியும்.

அந்த அறையில் பதினொரு பேர். அன்றைக்கு எந்த மரமோ அந்த நிறத்தில் எல்லோருக்கும் புருவம் இருக்கும். சிவப்பு மரம் வந்த நாட்களில் டீயின் மேல்கூட லேசாகச் சிவப்புப் படியும், ஊதிவிட்டுக் குடிப்பார்கள். புதிதாகச் சேர்பவர் ஒரு மாதம் தும்மிக்கொண்டே இருப்பார். தும்மல் நின்ற அன்றுதான், உப்புத்தாள் பெல்ட் சுழலும் பெரிய மிஷினை ஓட்டும் பெல்ட் மிஷின்காரர் அவர் முதுகில் தட்டி, “இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்க” என்பார். அதற்குப் பிறகு மூக்கு அடைத்துக்கொள்ளும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அங்கே மூக்கு அடைப்பு என்பது தச்சன் கையில் காய்ப்பு மாதிரி.

மாலையில் மணி அடித்ததும் இன்னொரு வழக்கம் உண்டு. காற்றடிக்கும் குழாயை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் தூசியை ஊதிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக நின்று, முதுகு, கழுத்து, காது மடலுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல். கோபமாக இருக்கும் ஆளுக்குக்கூட ஊதாமல் அனுப்ப மாட்டார்கள். சித்தி ஊதினால் தலைமயிர் வரை சுத்தமாகிவிடும் என்று பெயர். அந்தப் பத்து நிமிடம் அறையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் கல்லூரிக்காகச் சித்தி வீட்டில் வந்து தங்கிய பிறகு. இரண்டே அறை உள்ள வீடு. சித்தி வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவார், குறட்டை சுவரைத் தாண்டும். “பெல்ட் மிஷின வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?” என்று சித்தப்பா காலையில் கேட்பார். அவர் சாமான் ஏற்றும் வண்டி ஓட்டுபவர். நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். “உன் புகையில எனக்கு இருமல் வராம இருக்கணும்னு மூக்கு தானா மூடிக்கிச்சு” என்று சித்தி பதில் கொடுப்பார். நான் இருவருக்கும் நடுவில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் சித்தியின் கைக்குட்டையில் இரண்டு மூன்று தடவை இரத்தப் புள்ளி பார்த்தேன். உடம்புச் சூடு என்றார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, அந்த வாடைக்கு நான் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தபோது, அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். “என்னமோ யோசனைல இருந்துட்டேன்” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

பிறகுதான் அந்தப் படிவம் வந்தது.

தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி அரசு அலுவலகம் ஒன்று கேட்டு அனுப்பியது. ஆளுக்கு முப்பது கேள்வி, அதுவும் தொழிற்கூடத்தில் யாருக்கும் சரளமாக வராத மொழியில். எனக்கு இரண்டு மொழியும் படிக்க வரும் என்பதால் முதலாளி சித்தியிடம் சொல்லி என்னை வரவழைத்தார். ஒரு சனிக்கிழமை, சாமான் கட்டும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சித்தி. ஒன்பதாவது கேள்வி, மூக்கு அடைப்பு அல்லது மூக்கில் இரத்தம் உண்டா என்பது.

“இல்லன்னு போடு” என்றார் சித்தி.

நான் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“என்ன பாக்குற? மூக்கு அடைக்கிறதெல்லாம் ஒரு நோயா? இங்க வந்தா அது வரும். ஆமான்னு எழுதினா எல்லாரையும் வரிசைல நிக்க வச்சு ஒருநாள் வேலைய கெடுப்பாங்க. ஓட்டலுக்குக் குடுக்க வேண்டிய மேசை நாப்பது முடியாம நிக்குது.”

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அடுத்து வந்த பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் சொல்லும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பதினொரு தாளிலும் ஒன்பதாம் கேள்விக்கு நேராக என் கையெழுத்தில் ‘இல்லை’. தொடர்புக்கு எண் கேட்ட இடத்தில், எனக்குத்தான் அந்த மொழி தெரியும் என்று என் எண்ணையே போட்டேன். கைக்குட்டை எனக்கு நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. அதை மறைத்துச் சொல்ல இப்போது எனக்கு மனமில்லை.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் ஒருவர் வந்தார். குள்ளமாக, தோளில் ஒரு பெரிய பையோடு. அன்றும் எதையாவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் எங்கள் மொழியே பேசினார். உப்புத்தாள் அறை வாசலில் நின்று படிவங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

“பதினாலு வருஷமா இந்த மாதிரி இடங்களுக்குப் போறேன்” என்றார். “பதினொரு பேருக்கும் மூக்கு சுத்தமா இருக்குற மரக்கூடத்த இன்னிக்குத்தான் பாக்குறேன். எல்லாரும் ஏன் வாயத் தொறந்து மூச்சு விடுறீங்க? என்னைப் பாத்த ஆச்சரியமா?”

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. படிவத்தைப் பையில் போட்டுவிட்டு, மிஷினை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடைப்பு உண்டா இல்லையா என்று கேட்கவே இல்லை. “எந்தப் பக்கம் அடைக்குது?” என்று கேட்டார். இப்படிக் கேட்டதும் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காலையில் இந்தப் பக்கம், படுத்தால் அந்தப் பக்கம், சில நாள் இரண்டும் என்று பத்துப் பேரும் சொன்னார்கள். சித்தி மட்டும், “வலது” என்றார்.

“எப்பவும் வலதா?”

“எப்பவும் வலதுதான். ஒரு வருஷமா.”

“ரத்தம்?”

சித்தி என்னைப் பார்த்தார். “அப்பப்ப” என்றார்.

நர்ஸ் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து மூக்குக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை. அங்கேயே நின்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சளி பிடித்தால் மூக்கு மாறி மாறி அடைக்கும், ஒரே பக்கம் விடாமல் அடைத்து இரத்தமும் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி அந்தக் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். ஓட்டல் மேசை முடியட்டும் என்றார். நான் இரண்டு தடவை சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நர்ஸோ விடவில்லை. படிவத்தில் இருந்த என் எண்ணுக்குக் கூப்பிட்டு, “போனாங்களா?” என்று கேட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை நான் ‘இல்லை’ என்றதும் படிவத்துக்கே திரும்பினார்.

“அந்தப் படிவத்தை எழுதின கை உங்களோடதுதானே? அந்தக் கையாலேயே அவங்கள பிடிச்சு இழுத்துட்டு வாங்க.”

மறுநாள் காலை, சித்தி செருப்பு மாட்டும்போது அவருடைய சாப்பாட்டுப் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் தருவேன் என்றேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே அடாவடி அதுதான். சித்தி என்னை மேலும் கீழும் பார்த்து, “ஊமைக்கு வாய் வந்துடுச்சு” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு என்னோடு வந்தார்.

டாக்டர் மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார். வலப்பக்கம் மேலே, கண்ணுக்கு அருகில், ஒரு கட்டி இருந்தது. துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் புற்றுநோய் என்று வந்தது.

அதை முதலில் படித்தது நான்தான். சித்தி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். டாக்டர் நிறையக் கேட்டார். சிகரெட் உண்டா, குடி உண்டா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா. எல்லாவற்றுக்கும் சித்தி இல்லை என்றார். இந்தத் தடவை அத்தனையும் நிஜமான ‘இல்லை’. பிறகு என்ன வேலை என்று கேட்டார். சித்தி சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருடம், என்ன மரம், தூசியை இழுக்கும் குழாய் உண்டா, முகமூடி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“கெட்ட பழக்கம் இருக்கறவங்களுக்குத்தான் இது வரும்னு சொல்வாங்களே சார்” என்றார் சித்தி. அதுவரை அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எதிர்வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். புகையால் வருவது உண்டு, குடியால் வருவது உண்டு, மூச்சில் போகும் சில பொருட்களால் வருவதும் உண்டு. கெட்டி மரத்தின் நைசான தூசி அதில் ஒன்று. வருடக் கணக்கில் மூக்குக்குள் படிந்தால் இந்த வகைக் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும். அப்படியும் அந்த வேலை செய்கிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் வரும். “உங்களுக்கு வந்தது தூசியாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்க எந்தத் தப்பும் பண்ணலன்னு சத்தியம் பண்ணலாம்.”

சித்தி தலையை ஆட்டினார். இனிமேல் சொல்லப்போவதுதான் கஷ்டமானது என்று டாக்டரின் முகத்தில் தெரிந்தது. கட்டிக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு எலும்புதான் இருக்கிறது. கட்டி அதைத் தாண்டிக் கண்ணுக்குள் போயிருந்தால் வலக் கண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

“அந்த எலும்பு எவ்வளவு கெட்டி?” என்று சித்தி கேட்டார்.

“தாள் மாதிரி இருக்கும்மா.”

“எந்த நம்பர் தாள்?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, நம்பர் தெரியாது, ஆனால் மிகவும் மெல்லியது என்றார். “அப்ப முந்நூத்தி இருபதுக்கு மேல” என்று சித்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஸ்கேன் முடிவு வர நான்கு நாள். இரண்டாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது சித்தி வலக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சமையலறையில் நடந்துகொண்டிருந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். கொடியில் தொங்கிய சட்டைக்குப் பித்தான் மாட்டிப் பார்த்தார். டம்ளரில் டீ ஊற்றினார். பாதி வெளியே போயிற்று. நான் நிற்பதைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

“ஒத்தைக் கண்ணுல தூரம் தெரிய மாட்டேங்குது” என்றார். “பழகிடும். மரத்துக்குக் கைதானே வேணும்.”

சித்தப்பா அன்று முழுக்க ஒரு கேலியும் பேசவில்லை. வாசலில் நின்று சிகரெட் பற்ற வைத்தவரிடம் சித்தி போய் நின்றார். “எனக்கு இது கேக்காம வந்துச்சு. நீ கடைக்குப் போய் கேட்டு வாங்குற” என்றார். அவ்வளவுதான். சித்தப்பா சிகரெட்டைக் காலால் நசுக்கினார். அன்றே விட்டுவிட்டார் என்று எழுத ஆசை. அதற்கு எட்டு மாதமும் ஏகப்பட்ட சண்டையும் ஆயிற்று. ஆனால் விட்டுவிட்டார்.

நான்காம் நாள் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, ஒரு வெள்ளைக் கோட்டை விரலால் காட்டினார். மெல்லிசாக, ஆனால் எங்கும் அறுபடாமல் இருந்தது. எலும்பு தாக்குப் பிடித்துவிட்டது. கட்டி அதன் மேல் சாய்ந்திருந்ததே தவிர உள்ளே போகவில்லை. இன்னும் சில மாதம் கழித்து வந்திருந்தால் இந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். சித்தி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அதை உள்ளங்கையால் தடவினார். டாக்டர் தடுக்கவில்லை.

மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. முகம் சிவந்தது, வாய் உலர்ந்தது, எதைச் சாப்பிட்டாலும் காகித அட்டையைச் சாப்பிடுவதுபோல இருக்கிறது என்றார். வாசனை ஏறக்குறையப் போய்விட்டது. வலக் கண்ணில் அடிக்கடி நீர் வடியும். ஆனால் கண் இருக்கிறது, பார்க்கிறது. அந்த ஆறு வாரமும் உப்புத்தாள் அறையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெல்ட் மிஷின்காரர் மட்டும் உள்ளே வர மாட்டார். கேட் வரை வந்து, கொண்டுவந்த சூப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்.

நர்ஸ் தொழிற்கூடத்துக்கு மறுபடியும் போனார். மாலையில் காற்றடிப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாராம். “தரையில சும்மா கிடக்குற தூசிய எழுப்பி, ஆளுக்கு ஆள் மூக்குல ஊட்டி விடுறீங்க” என்றாராம். முதலாளி கெட்டவர் இல்லை; அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருடைய மூக்கும் இருபது வருடமாக அடைத்துத்தான் இருந்தது. மிஷினுக்கு மிஷின் தூசி இழுக்கும் குழாய் வந்தது. காற்றுக் குழாயைப் பூட்டி வைத்தார்கள். தரையை ஈரத் துணியால் துடைத்தார்கள். முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி வந்தது. முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து வேலையே ஓடவில்லையாம்.

கட்டியை எடுத்த ஏழாம் மாதம் சித்தி வேலைக்குத் திரும்பினார், தூசி இல்லாத கடைசி அறைக்கு. முடிந்த பலகைகளைத் தடவிப் பார்த்துத் தேறியதா என்று சொல்வது அவர் வேலை. அவர் கையில் தேறாத பலகை பழைய நண்பர்களிடமே திரும்பிப் போகும் என்பதால் அங்கே திட்டுக்குப் பஞ்சமில்லை.

நர்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சித்தி ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனார். நல்ல புடவை, கையில் அவரே இழைத்த சின்ன மரத்தட்டு. நர்ஸுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. வருடத்தில் எத்தனையோ கூடங்கள், எத்தனையோ மூக்குகள். சித்தி கொஞ்சமும் வாடவில்லை. முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னார், வலதுபக்கம் உட்பட. நர்ஸ் பதிவேட்டை எடுத்துப் புரட்டி எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்தார். தட்டைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வழவழப்பா என்றார். பிறகு அவர் விரல் பதிவேட்டில் ஒரு வரியில் நின்றது. மற்றப் பத்துப் பேரையும் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கைக் காட்டச் சொல்லியிருந்தாராம். ஒன்பது பேர் காட்டிவிட்டார்கள், யாருக்கும் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் வரவே இல்லை.

“யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார் சித்தி.

மறுநாள் மதியம் பெல்ட் மிஷின்காரர் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தபோது சித்தி வழியில் நின்றார். நான் சித்திக்கு மருந்து கொண்டுபோயிருந்தேன். பெல்ட் மிஷின்காரர் ஏதேதோ சொன்னார். வேலை இருக்கிறது, தனக்கு இரண்டு பக்கமும்தான் அடைக்கிறது, அந்த ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

“போனா எதையாவது கண்டுபிடிச்சுடுவாங்க அக்கா.”

“கண்டுபிடிச்சதாலதான்டா ரெண்டு கண்ணோட இங்க நின்னு உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன்” என்றார் சித்தி.

அவர் அதற்குப் பிறகும் இரண்டு நாள் இழுத்தார். வியாழக்கிழமை காலையில் துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சித்தி அவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே போனார், நடுவழியில் திரும்பி ஓடிவிடக் கூடாது என்று. பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. மூக்கில் பழைய வீக்கம்தான், வேறு ஒன்றுமில்லை, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றார் சித்தி. பின்னால் யாரோ சத்தமாக மூக்கைச் சிந்துவது கேட்டது. பெல்ட் மிஷின்காரர் அழுகிறாரா என்று கேட்டேன். ஆமாம், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள், மானம் போகிறது என்று சொல்லிவிட்டு, சித்தி போனை வைக்காமலே அவரிடம், “இந்தா, என் கைக்குட்டை” என்றார்.